பாற்சுறாவும் பாலை மரமும்: பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஆனி மாதத்தில் பிள்ளைகளை ஒரே நாளில் இரண்டு இடங்களுக்குக் கூட்டிப் போவோம். விடியப்புறம் கடற்கரை, படகுகள் கரை சேரும் நேரம். பத்து மணிக்குப் பிறகு ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டோரம், பாலைப்பழம் உதிரும் நேரம். திரும்பி வந்து ஒரு பயிற்சி எழுத வேண்டும்: அன்று பார்த்த பாற்சுறாவையும் பாலை மரத்தையும் ஒப்பிடுக.

பயிற்சி கொடுத்த நாளில் இருந்து ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைகள் கேட்பார்கள், அடுத்த நாள் தாய்மார் கேட்பார்கள், பிறகு யாராவது ஒரு அப்பப்பா படலையடியில் மறித்துக் கேட்பார். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுறா கடலில, பாலை காட்டில. ரெண்டையும் ஒப்பிட்டு என்ன பிரயோசனம் ரீச்சர்?

சுறாவோடு இன்னொரு சுறாவை ஒப்பிட்டால் பல்லின் வடிவம், செட்டை இருக்கும் இடம் என்று சின்ன வித்தியாசங்களிலேயே பாடம் முடிந்துவிடும். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள். உயிருள்ள எதுவாக இருந்தாலும் செய்தே ஆகவேண்டிய வேலைகள் அப்போதுதான் கண்ணில் படும்: உடம்பில் தண்ணீரை வைத்திருப்பது, தின்ன வருபவனைத் தடுப்பது, வாரிசை ஆளாக்குவது.

அப்புறம், இந்த இரண்டையும் தெரிந்தெடுத்ததற்குப் பெயரும் ஒரு காரணம். கடலோரத்து ஆட்கள் ஒன்றுக்குப் பால் என்று பெயர் வைத்தார்கள், காட்டோரத்து ஆட்கள் மற்றதற்குப் பால் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பாலும் ஒன்றா என்று விசாரிக்கப் போனாலே பாதிப் பாடம் நடந்துவிடும்.

பாற்சுறா எண்டா எது? சந்தையில சின்னச் சுறா எல்லாத்தையும் பாற்சுறா எண்டுதானே விக்கினம்?

உண்மை, சந்தையில் அந்தப் பெயர் தாராளமாகப் புழங்குகிறது. முழங்கையளவு சுறா எதுவாக இருந்தாலும் பாற்சுறா என்றால் விலை போகும். நான் இங்கே சொல்வது ஒரு குறிப்பிட்ட இனத்தை. 1837இல் எடுவார்ட் ருப்பெல் என்ற ஜெர்மானியர் செங்கடலில் கிடைத்த ஒன்றை வைத்து அதை விவரித்தார். இப்போதைய விஞ்ஞானப் பெயர் ரைசோபிரியோனோடன் அகியூட்டஸ். அதில் ரைசா என்றால் கிரேக்க மொழியில் வேர், பிரியோன் என்றால் மரம் அரியும் வாள், ஓடன் என்றால் பல். சுறாவின் பெயருக்குள்ளே ஒரு வேர் கிடக்கிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பிறகு மறப்பதில்லை.

அடையாளம் பிடிக்க மூன்று விடயம் பாருங்கள். மூஞ்சி நீண்டு கூராக இருக்கும். கரண்டிபோலப் பரந்து தட்டையாக இருந்தால் அது வேறு இனம். வாயின் இரு மூலையிலும் மேல் உதட்டோரமாக நீளமான கோடு ஒன்று ஓடும். முதுகில் இரண்டாவது செட்டை மிகச் சிறியது, அது வயிற்றுப் பக்கத்துக் குதச்செட்டை தொடங்கும் இடத்துக்குப் பின்னால்தான் தொடங்கும். மேலே சாம்பல் கலந்த பழுப்பு, கீழே வெள்ளை. எங்கள் பக்கத்துக் கடல்களில் பெரும்பாலும் ஒரு மீற்றருக்கு உட்பட்டது. கரையோரக் கலங்கல் தண்ணீரிலும் திரியும், மணலடியிலும் திரியும். சின்ன மீன், கணவாய், இறால் தின்னும். மனிதரைக் கடிக்க வரும் இனம் இல்லை.

பாலையில எத்தினை பாலை இருக்கு? வெட்பாலை, ஏழிலைப்பாலை எல்லாம் இதோட சொந்தமோ?

சொந்தம் இல்லை. நறுக்கினால் வெள்ளையாக வடியும் பல மரங்களுக்குத் தமிழில் பாலை என்று பெயர் வந்திருக்கிறது. வெட்பாலையும் ஏழிலைப்பாலையும் அலரி, நித்தியகல்யாணி இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை. எங்கள் வன்னிக்காட்டுப் பாலை மணில்காரா ஹெக்சாண்ட்ரா. அது இலுப்பை, மகிழ், சப்போட்டா ஆகியவற்றின் குடும்பம். சப்போட்டாவும் பாலையும் ஒரே பேரினம்கூட, கிட்டத்துச் சகோதரங்கள் மாதிரி. ஒரு சப்போட்டாக் காயைக் கீறி விரலில் ஒட்டிப் பாருங்கள், பிறகு பாலைக்காயைக் கீறிப் பாருங்கள். உறவு விளங்கும்.

1795இல் ரொக்ஸ்பர்க் இந்த மரத்தைச் சோழமண்டலக் கரைத் தாவரங்களோடு சேர்த்து விவரித்தார். ஹெக்சாண்ட்ரா என்றால் ஆறு கேசரம், அதாவது பூவுக்குள் மகரந்தம் தாங்கும் ஆறு இழை. மணில்காரா என்பது மலையாளப் பெயரில் இருந்து எடுத்தது. தமிழ்நாட்டில் இதை உலக்கைப்பாலை என்பார்கள். ஏன் என்று பின்னால் வரும். இலையைப் பார்த்தால் பிழை விடமாட்டீர்கள்: தடித்த, கரும்பச்சை இலை, கொப்பின் நுனியில் கூட்டமாக நிற்கும், நுனி கூராக இல்லாமல் உள்ளே சிறிது வெட்டினதுபோல இருக்கும்.

சங்க இலக்கியத்துப் பாலைத் திணை இந்த மரத்தால் வந்ததா என்று உயர்தரப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அந்தத் திணைக்குரிய மரமாக வெட்பாலையைச் சொல்பவர்கள் பலர், அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. எங்கள் பாலை நிற்கும் காடு பாலைவனம் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

அப்ப ரெண்டிலயும் உண்மையா பால் இருக்கோ?

மரத்தில் இருப்பது மரப்பால். அது சாறு இல்லை, உணவும் இல்லை. பட்டையிலும் இலையிலும் காயிலும் ஓடும் தனிக் கலங்களில் சேர்ந்திருக்கும் ஒரு பசை. பூச்சி கடித்தாலோ மாடு கொப்பை முறித்தாலோ உடனே கசிந்து, கடித்த வாயை ஒட்டும், காயத்தை மூடும். மரத்துக்கு ஓடித் தப்ப வழி இல்லை, ஆகவே அதன் பாதுகாப்பு முழுவதையும் உடம்புக்குள்ளேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

சுறாவில் பால் கிடையாது. பால் சுரப்பது முலையூட்டிகளின் வேலை, சுறா மீன். அதன் இறைச்சி வெள்ளைதான், ஆனால் பெயர் அதனால் வந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. பிள்ளைப்பெற்ற பெண்களுக்குக் கொடுத்தால் பால் ஊறும் என்ற நம்பிக்கையால்தான் இந்தியக் கரைகளில் இந்தப் பெயர் வந்தது, ஆங்கிலத்திலும் அதையே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்திலும் அதே நம்பிக்கை, அதே பெயர். அந்த நம்பிக்கையைப் பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது, அது கவனமாகச் சொல்ல வேண்டியது.

சுறா முட்டை போடுமோ, குட்டி போடுமோ?

முட்டை இடும் சுறாக்களும் உண்டு. பாற்சுறா குட்டி ஈனும். நான் இதைப் புத்தகத்தில் படித்து வருடக்கணக்கில் படிப்பித்திருக்கிறேன். ஒரு நாள் கரையில் கண்ணால் கண்ட பிறகுதான் எனக்கே அது முழுதாக விளங்கியது.

வலையில் வந்த ஒரு பெட்டைச் சுறாவை வாடிக்குப் பக்கத்தில் பலகையில் வைத்துக் கீறினார் ஒரு ஐயா. வயிற்றுக்குள் மூன்று குட்டிகள், ஒன்றரைச் சாண் நீளம், ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் மடங்கிக் கிடந்தன. ஒன்றை அவர் மெதுவாகத் தூக்கினார். அதன் இரண்டு நெஞ்சுச் செட்டைகளுக்கும் நடுவில் இருந்து ஒரு கொடி நீண்டு தாயின் உடம்போடு தொடுத்திருந்தது. எங்கள் தொப்புள்கொடி போலவேதான். ஒரு பிள்ளை, "ரீச்சர், இதுக்குத் தொப்புள் இருக்கு" என்று சொன்னாள். ஐயா கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அந்தப் பிள்ளை சொன்னது சரி. ஆரம்பத்தில் குட்டிக்கு மஞ்சட்கரு இருக்கும். அது தீர்ந்ததும் வெறும் பையாகிவிட்ட மஞ்சட்கருப் பை தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டிச் சூல்வித்தகம்போல (நச்சுக்கொடி) வேலை செய்யும். சுமார் ஒரு வருடம் சுமந்து, ஒரு தடவையில் 1 முதல் 8 வரை, பெரும்பாலும் 2 முதல் 5 குட்டிகளை ஈனும். பிறக்கும்போதே 25 முதல் 39 சென்ரிமீற்றர் நீளம். பிறந்த கணத்தில் இருந்து தன்பாட்டில் நீந்தி இரை தேடும், தாய் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு பாலை மரம் ஒரு வருசத்தில எத்தினை பிள்ளை பெறும்?

கேட்ட பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு. கேள்வி மிகச் சரியானது. நன்றாகக் காய்க்கும் வருடத்தில் ஒரு மரத்தின் கீழ் மஞ்சள் பாய் விரித்ததுபோலப் பழம் கிடக்கும். ஒவ்வொரு பழத்திலும் பெரும்பாலும் ஒரு விதை, பளபளப்பான கபில நிறம். ஆயிரக்கணக்கில் விதை விழுந்தும் அந்த மரத்தடியில் அடுத்த வருடம் நிற்கும் கன்றுகளை விரல்விட்டு எண்ணலாம். நிழல், வறட்சி, மான், மாடு, தீ என்று எல்லாம் தாண்டி ஒரு கன்று மரமாவது அபூர்வம்.

ஆகவே கணக்கு இப்படி. சுறா சில குட்டிகளை மட்டும் பெற்று ஒவ்வொன்றையும் ஒரு வருடம் வயிற்றில் வைத்து வளர்த்து விடுகிறது. மரம் எண்ணிக்கையில்லாமல் கொட்டிவிட்டு மிச்சத்தைக் காட்டிடம் விட்டுவிடுகிறது. வழி இரண்டும் எதிரெதிர். கடைசியில் ஆளாகும் பிள்ளைகள் என்று பார்த்தால் இரண்டுக்கும் கொஞ்சம்தான்.

கரடி பாலைப்பழத்துக்கு வரும் எண்டுறது மெய்தானோ, பிள்ளையளை வெருட்டச் சொல்லுறதோ?

மெய்தான். எங்கள் காட்டுக் கரடிக்கு ஆனி, ஆடியில் பாலைப்பழம் பெரிய விருந்து. வில்பத்து, யால காடுகளில் கரடி பார்க்க விரும்புபவர்கள் அந்த மாதங்களில்தான் போவார்கள். கரடி மரத்தில் ஏறிக் கொப்பை வளைத்துத் தின்னும், கீழே உதிர்ந்ததையும் தின்னும். விதை அதன் எச்சத்தோடு தூரத்தில் போய் விழும். குரங்கு, மரநாய், பறவைகளும் இதே உதவியைச் செய்கின்றன. தாய் மரத்தின் நிழலை விட்டு விலகி விழுந்த விதைக்குத்தான் வாய்ப்புக் கூட.

பழம் பொறுக்கப் போகிறவர்கள் கூட்டமாக, கதைத்துக்கொண்டு போங்கள். விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும் காட்டுக்குள் போகவேண்டாம். கரடிக்குக் கண்பார்வை அவ்வளவு நல்லதில்லை. திடீரென்று கிட்ட ஆள் நின்றால் அது பயத்தில்தான் பாயும்.

ரெண்டில எது கூடக் காலம் இருக்கும்? வயசை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பாலை. இதில் போட்டியே இல்லை. பாற்சுறா இரண்டு மூன்று வயதில் பருவத்துக்கு வரும், எட்டு வயது வரை வாழ்வதாக அறிந்திருக்கிறார்கள். பாலை மிக மெதுவாகத் தடிக்கும் மரம். கைகோர்த்து நான்கு பிள்ளைகள் கட்டிப்பிடிக்கும் தடிப்பில் ஒரு பாலையைக் கண்டால், அதை நட்டவர் யாரும் இல்லை, அதை முதலில் பார்த்தவர்களும் இன்று இல்லை.

வயது பார்ப்பதில்தான் எனக்குப் பிடித்த விடயம் இருக்கிறது. சுறாவின் முள்ளந்தண்டில் ஒரு துண்டை மெல்லியதாக வெட்டி வெளிச்சத்தில் பிடித்தால் மர வளையம் மாதிரியே வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணித்தான் ஆராய்ச்சியாளர் சுறாவின் வயதைச் சொல்கிறார்கள். மாறாக, வெப்ப நாட்டில் எப்போதும் பச்சையாக நிற்கும் மரங்களில் பெரும்பாலும் வளையம் தெளிவாக விழுவதில்லை. மர வளையத்தை மரத்தில் தேடிக் களைத்துச் சுறாவில் காண்கிறோம்.

எலும்பில்லாத சுறாவும் இரும்பு மாதிரிப் பாலையும் — இதில என்ன ஒப்பிடுறது?

சுறாவுக்கு எலும்பு இல்லை, முழுவதும் குருத்தெலும்பு. எங்கள் காதுமடல், மூக்கு நுனியில் இருக்கும் அதே வகை. பாரம் குறைவு, வளையும், ஆகவே சட்டென்று திரும்பி இரையைப் பிடிக்கலாம். பாலைக்கு அசையும் தேவை இல்லை, நிற்கும் தேவைதான். 40, 60 அடி உயரத்தில் பாரமான முடியைத் தாங்கிக்கொண்டு வாடைக்காற்றிலும் சோளகத்திலும் விழாமல் நிற்க வேண்டும். அதனால்தான் வைரம் பாய்ந்த நடுமரம் அவ்வளவு இறுக்கம். உலக்கை, செக்கு, கப்பு, தீராந்தி, பழைய ரயில்பாதையின் சிலிப்பர்க் கட்டை எல்லாம் இதில் செய்தார்கள். ஆணி அடிக்கப் போனால் ஆணிதான் வளையும் என்று தச்சு வேலை செய்பவர்கள் சொல்வது கூட்டிச் சொல்வதில்லை.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு, பரீட்சையில் எழுதினால் முழுப்புள்ளி தருவேன்: தண்ணீரில் விட்டால் இரண்டும் தாழும். பாலையின் வைரம் தண்ணீரைவிடப் பாரமானது. மற்ற மீன்களுக்கு இருக்கும் காற்றுப் பை சுறாவுக்கு இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது. நீந்துவதை நிறுத்தினால் மெல்லக் கீழே போகும். அந்த ஈரல் எண்ணெயை அரபுக் கடலோடிகள் மரக்கலங்களின் பலகைக்குப் பூசினார்கள். சுறாத்தோலின் சொரசொரப்பால் பல நாடுகளில் தச்சர்கள் பலகையைத் தேய்த்து மினுக்கினார்கள். கடலும் காடும் அங்கே ஒரு தடவை கைகொடுத்திருக்கின்றன.

உப்புத் தண்ணிக்க கிடக்கிற சுறாவுக்குத் தாகம் எடுக்காதோ? பங்குனி வெயிலில பாலை எப்பிடிப் பச்சையா நிக்குது?

இரண்டு கேள்வியும் ஒன்றுதான், அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன். கடல் நீர் உடம்புத் தண்ணீரைவிட உப்பு. சாதாரண மீனின் உடம்பில் இருந்து தண்ணீர் வெளியே இழுபட்டுக்கொண்டே இருக்கும், அது கடலைக் குடித்து உப்பைக் கழித்துச் சமாளிக்கும். சுறா வேறு வழி கண்டது. எங்கள் உடம்பு சிறுநீராகக் கழித்துவிடும் யூரியாவை அது இரத்தத்திலும் இறைச்சியிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் செறிவு கிட்டத்தட்டச் சமமாகிவிடும், தண்ணீர் வெளியே ஓடாது.

வன்னியில் வருட மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடும். பிறகு நீண்ட கோடை. பாலையின் இலை தோல்போலத் தடிப்பு, நீர் லேசில் ஆவியாகாது. வேர் ஆழம். பக்கத்து மரங்கள் இலை உதிர்த்து எலும்பாக நிற்கும்போது அது பச்சையாகவே நிற்கும், அந்தக் கோடையிலேயே பழமும் தரும். காட்டில் தின்ன எதுவும் இல்லாத மாதத்தில் பழுப்பதால்தான் கரடி முதல் குருவி வரை அதைத் தேடி வருகின்றன.

சுறா வாங்கி வைச்சா ஏன் ஒரு மூத்திர மணம் வருது? பழுதாப் போச்சோ?

மேலே சொன்ன யூரியாதான் காரணம். சுறா செத்ததும் பக்ரீரியா அந்த யூரியாவை அமோனியாவாக உடைக்கும். மணம் கிளம்பத் தொடங்கினால் பழையது என்று அர்த்தம். அதனால் சுறாவைக் கரைக்கு வந்த அன்றே வாங்கி அன்றே சமைக்க வேண்டும், இல்லையென்றால் உடனே குடல் எடுத்து ஐசில் வைக்க வேண்டும். கண்ணை எரிக்கும் அளவுக்கு மணந்தால் வாங்காதீர்கள். மஞ்சளும் புளியும் மணத்தை மறைக்கும், பழுதை மாற்றாது.

ரீச்சர், பாற்சுறா வறை திண்டா பால் ஊறும் எண்டு மாமி சொல்லுறா. கொடுக்கலாமோ?

இந்தக் கேள்வி பிள்ளைகளுடையது இல்லை, பெற்றோர் கூட்டத்துக்கு வரும் இளம் தாய்மாருடையது. எங்கள் வீட்டிலும் அம்மம்மா செய்தா. சுறாத் துண்டை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, முள்ளை எடுத்து, கையால் உதிர்த்துப் பிழிவா. சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, சீரகம் தாளித்து, உதிர்த்த சுறாவையும் தேங்காய்ப்பூவையும் போட்டுப் பிரட்டி இறக்குவா. பச்சைமிளகாய் எங்களுக்கு, பத்தியக்காரிக்கு மிளகுதூள் மட்டும். அந்த மணம் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. அதன் பின்னால் இருந்த அன்பும் பொய்யில்லை.

ஆனால் பால் சுரப்பதைத் தீர்மானிப்பது மீன் இல்லை, பிள்ளை. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத் தாயின் மூளையில் இருந்து புரோலக்றின், ஒக்சிற்றோசின் ஓமோன்கள் சுரக்கும், பால் ஊறும். அடிக்கடி கொடுப்பது, சரியாகப் பிடித்துக் கொடுப்பது, தாய் வயிறாரச் சாப்பிட்டு ஓய்வெடுப்பது, இவைதான் காரியம். சுறாவில் நல்ல புரதம் இருக்கிறது, உதிர்த்த வறை வாய்க்கும் இதம். பெற்ற உடம்புக்கு அது தெம்பு தந்திருக்கும். அந்தத் தெம்பைத்தான் முன்னோர் பால் என்று சொன்னார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. சுறா மற்ற மீன்களைத் தின்னும் மீன். சின்ன மீனில் இருக்கும் பாதரசம் அதன் உடம்பில் வருடக்கணக்கில் சேரும். பெரிய, வயதான சுறாவில் கூட, சின்னதில் குறைவு. பாதரசம் குழந்தையின் வளரும் மூளைக்கும் நரம்புக்கும் கூடாது. அமெரிக்க அரசின் உணவுக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2004இலேயே கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கச் சொன்னது. ஆகவே என் பதில்: சூடை மீன், கீரி மீன், முட்டை, முருங்கையிலை, பயறு என்று பத்தியத்தை மாற்றுங்கள். ஒரு நாள் மாமி ஆசையாக வறை செய்து தந்து தின்றுவிட்டால் பயப்படத் தேவையில்லை. பத்தியம் முழுக்கத் தினமும் சுறா வேண்டாம். மாமியிடம் சொல்லும்போது மெதுவாகச் சொல்லுங்கள், குடும்பநல மாதுவையும் கூட வைத்துச் சொன்னால் கேட்பார்.

பாலைப்பழம் திண்டா உதடு ஒட்டுதே, வயித்துக்குள்ளயும் ஒட்டுமோ?

ஒட்டாது. பழத்தோலில் மிச்சமிருக்கும் மரப்பால்தான் உதட்டில் காய்ந்து பிசினாகிறது. நன்றாகப் பழுத்ததில் குறைவு, செங்காயில் கூட. பழத்தைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுக் கழுவித் தின்னுங்கள். ஒட்டிவிட்டால் தேங்காயெண்ணெய் பூசித் துடையுங்கள், தண்ணீரால் தேய்த்தால் போகாது. போன வருடம் ஒரு பையன் இரண்டு கை நிறையத் தின்றுவிட்டு, பஸ்ஸில் வரவு கூப்பிட்டபோது வாயைத் திறக்க முடியாமல் கையை மட்டும் உயர்த்தினான். ஒரு பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

மரம் வாறதுக்கு முந்தியே சுறா வந்திட்டுதாம். அப்ப பாலையை விடப் பாற்சுறா பழசு எண்டு எழுதலாமோ?

எழுதக்கூடாது. கைத்தொலைபேசியில் சுற்றும் செய்தியில் பாதி சரி. சுறா வழிக்கு உரியவை என்று கருதப்படும் செதில்களின் சுவடுகள் சுமார் 45 கோடி ஆண்டுப் பழையவை. முதல் மரங்களின் சுவடுகள் 38, 39 கோடி ஆண்டுப் பழையவை. ஆகவே "சுறாக்கள்" என்ற கூட்டம் "மரங்கள்" என்ற கூட்டத்தைவிட மூப்பு என்று சொல்லலாம்.

ஆனால் அந்த முதல் சுறா பாற்சுறா இல்லை, அந்த முதல் மரம் பாலையும் இல்லை. அந்தக் காலத்து மரங்களில் பூவே கிடையாது. பூக்கும் தாவரங்கள் சுவடுகளில் தெளிவாகத் தெரிவது ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்குள்தான். பாற்சுறா இருக்கும் குடும்பம் பெருகியதும் டைனோசர்கள் அழிந்த பிறகுதான், அதாவது 6.6 கோடி ஆண்டுகளுக்கு இந்தப் பக்கம். கொள்ளுத்தாத்தாவின் வயதைப் பேரனுக்குப் போடக்கூடாது.

எது கூட ஆபத்தில இருக்கு? எங்கட கடலில இவ்வளவு பிடிபடுது, காட்டில இவ்வளவு நிக்குதே?

இந்தக் கேள்விக்கு முன் குட்டிகளைப் பற்றியும் கன்றுகளைப் பற்றியும் சொன்ன பதில்களை ஒரு தடவை பாருங்கள். ஒரு பெட்டைப் பாற்சுறா வருடத்துக்கு மூன்று நான்கு குட்டி வீதம் ஐந்து வருடம் ஈன்றாலும் மொத்தம் இருபதைத் தாண்டாது. ஒரு சூடை மீன் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டை விடும். சுறாக்களுக்குள் பாற்சுறா கொஞ்சம் சுறுசுறுப்பாகப் பெருகும் இனம்தான், அப்படியிருந்தும் 2020இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அதை அழிவை நோக்கிப் போகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. கரையோரம் முழுக்க வலை, அதிலும் அடியை வாரும் இழுவைமடி, குட்டி பெரிது என்று பார்ப்பதில்லை. இலங்கையில் 2017இல் இழுவைமடி சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. கடலில் அது நிற்கவில்லை என்பது இங்குள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரியும்.

பாற்சுறாவை உள்ளூரில் பிடித்துத் தின்பது குற்றம் இல்லை. நாடு விட்டு நாடு விற்பதற்குத்தான் புதிய கட்டுப்பாடு: அருகிவரும் உயிரினங்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2022இல் பனாமாவில் கூடி, பாற்சுறா இருக்கும் குடும்பம் முழுவதையும் அனுமதிப்பத்திரத்தோடு மட்டும் விற்கக்கூடிய இரண்டாம் பட்டியலில் சேர்த்தது, அது 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. செட்டை வாங்க வருபவர்களோடு பேசும்போது இது தெரிந்திருப்பது நல்லது. வால் உடம்பளவு நீண்டிருக்கும் சுறா வகையை இலங்கையில் 2012 முதல் பிடிக்கவே கூடாது. வலையில் வந்தால் உயிரோடு விட்டுவிட வேண்டும்.

பாலைக்குச் சட்டம் பழையது. ஒதுக்கப்பட்ட காட்டில் வெட்டுவது 1907ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படியே குற்றம், வெட்டிய மரத்தை ஏற்றிக்கொண்டு போகவும் அனுமதி வேண்டும். மரம் நிற்கிறதே என்று கேட்கிறீர்கள். நிற்பவை கிழவர்கள். நாங்கள் போகும் காட்டோரத்தில் போன ஆனியில் பிள்ளைகள் எண்ணினார்கள்: பெரிய பாலை பதினொன்று, இடுப்பளவுக் கன்று இரண்டு. அந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு அன்று நான் வேறு எதுவும் விளக்கவில்லை.

கடைசியா ஒரு கேள்வி. வளவில பாலை நடலாமோ? எப்ப காய்க்கும்?

தாராளமாக நடலாம், இடமும் பொறுமையும் இருந்தால். புதுப் பழத்தின் விதையைச் சதை போகக் கழுவி உடனே நடுங்கள், காய விட்டு வைக்காதீர்கள். முதல் இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆடுமாடு வராமல் வேலி வேண்டும். இந்தியாவில் சப்போட்டா ஒட்டுக்கன்றுக்கு இந்தப் பாலை நாற்றைத்தான் அடிமரமாக வைப்பார்கள். மெதுவாக வளர்வதால் ஒட்டும் தடிப்புக்கு வருவதற்கே நாற்றுமேடையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காய்ப்பதை நீங்கள் காணலாம், உங்கள் பிள்ளை நிச்சயம் காணும்.

எங்கள் வகுப்பறைக்குப் பின்னால் 2019 ஆனியில் போட்ட விதையில் ஒன்று தப்பியது. இப்போது என் இடுப்பளவு நிற்கிறது, கொப்பு நுனியில் எட்டு இலை. அந்த வருடம் பிறந்த பாற்சுறா எதுவும் வலைக்குத் தப்பி இன்னும் நீந்திக்கொண்டிருந்தால், அது கிழமாகிவிட்டது.